வெட்டாமல் விட்ட மல்லிகை

மகனே,

உன் திட்டம் தபாலில் வந்து சேர்ந்தது. நாலு முழுத்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, செடிகளுக்குப் பச்சைப் பென்சிலும் கிணற்றுக்கு நீலப் பென்சிலும் தீட்டி, 'அடுத்த ஆண்டுக்கான தோட்டத் திட்டம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பும் போட்டு அனுப்பியிருக்கிறாய். கல்யாணமாகி மூன்றே மாதத்தில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்றால், மருமகளை நினைத்துத்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இதற்குப் பதில் எழுத இன்லண்ட் லெட்டர் போதாது என்று தெரிந்துதான் நானும் தாள் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாகப் படி. பெங்களூர் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தோட்டம் போடுகிறவனுக்குப் படிப்பதற்கும் நேரம் இருக்கும்.

முதலில் உன் 'குளிர்காலப் பராமரிப்பு'. உறைபனி தாக்காமல் இருக்க வேரடியில் வைக்கோல் பரப்ப வேண்டுமாம், செடிக்கு மேல் சாக்குப் போர்த்த வேண்டுமாம். நீ பிறந்து இருபத்தேழு வருசம் ஆகிறது. விராட்டிபத்தில் உறைபனி விழுந்து நீ பார்த்த நாள் எது என்று எழுது, நான் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறேன். இங்கே மார்கழிப் பனி என்றால் பால்காரர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவார். எட்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்ததும் அதே துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போவார். அவ்வளவுதான் நம் ஊர்க் குளிர்காலம். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையைப் பார்த்து எழுதியிருக்கிறாய். அந்த ஊர்ச் செடிக்குச் சொன்னதை நம் மல்லிகைக்குச் செய்தால், அது புழுங்கியே செத்துப்போகும். கிணற்றைச் சுற்றிப் புல்தரை வேறு போடச் சொல்கிறாய். காளவாசல் பக்கம் புது வீடு கட்டிய டாக்டர் ஒருவர் அப்படித்தான் போட்டிருக்கிறார். மாடு மேயாத புல்லுக்கு மாடு குடிக்கிற தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு, அதன்மேல் யாரும் கால் வைக்கக்கூடாது என்று பலகையும் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பலகைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற ஆசை உனக்கும் வந்துவிட்டது.

இது உன் அப்பாவிடமிருந்து வந்த நோய். உயிரோடு இருந்தவரை அவருக்கும் ஒவ்வொரு ஜனவரியும் ஒரு புது டைரி வேண்டும், அதில் முதல் பக்கத்திலேயே ஒரு திட்டம் வேண்டும். மில்லில் எட்டு மணி நேரம் நூலோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதர், போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஒரு வருசம் கொடைக்கானல் போய் யாரோ ஒருவன் தலையில் கட்டிய ஆப்பிள் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் மடியிலேயே வைத்து, தூங்காமல் கொண்டுவந்தாராம். கிணற்று மேட்டில் நட்டார். பங்குனியில் இலை சுருண்டது, ஈரத்துணி போர்த்தினார். சித்திரையில் ஒரு இலை இல்லை. குச்சியாக நிற்கிறது. "செத்துப்போச்சு" என்றேன். "சாகல, தூங்குது. ஆப்பிள் அப்படித்தான், குளிர்காலத்துல இலையைக் கொட்டிரும்" என்றார். சித்திரை வெயிலில் நின்றுகொண்டு, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க, குளிர்காலம் என்று சொன்ன மனிதர் அவர். ஆடி வரைக்கும் அந்தக் குச்சிக்குத் தண்ணீர் ஊற்றினார். உன் திட்டத்தைப் பிரித்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. கையெழுத்துகூட அவருடையதுதான்.

இதோடு முடிந்திருந்தால் உன் தாள்களை நான் கறிவேப்பிலை மடிக்க வைத்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். 'கவாத்துக்கு விவரம் தெரிந்த ஆளாகப் பார்த்து வையுங்கள். அந்த வருசம் ராக்கு வெட்டிக் கெடுத்த மாதிரி ஆகிவிடக்கூடாது' என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு அரை நாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பொய் ஒன்றைச் சொல்லி எட்டு வருசம் ஆன பிறகு, அது என் மகனின் அழகான கையெழுத்தில், பச்சைப் பென்சில் தீட்டி, எனக்கே புத்திமதியாகத் திரும்பி வந்திருக்கிறது.

உனக்குக் கவாத்து என்றால் என்னவென்று தெரியாது என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். மல்லிகைக்குக் கார்த்திகை கடைசியில் தண்ணீரை நிறுத்த வேண்டும். செடி வாடி, இலை பழுத்து, 'இனிமேல் என்னால் ஆகாது' என்று நிற்கிற நேரத்தில், மார்கழியில் முழங்கால் உயரத்துக்கு மொத்தச் செடியையும் வெட்டிவிட வேண்டும். பார்க்கிறவனுக்கு வயிறு எரியும். பச்சையாக நின்ற தோட்டம் குச்சிக் காடாகக் கிடக்கும். பிறகு மண்ணைக் கொத்தி, தொழுவுரமும் சாம்பலும் போட்டு, தண்ணீர் விட்டால் மூன்று வாரத்தில் துளிர் வரும். பங்குனியில் பூ கொட்டும். வெட்டாமல் விட்டால் தையில் நாலு மொட்டு கிடைக்கும். அந்த நாலு மொட்டுக்கு அந்த வருசம் மொத்தத்தையும் கொடுத்துவிட வேண்டும். இதில் சூட்சுமம் எதுவும் இல்லை. ஆசையை அடக்கத் தெரிந்தால் போதும். எனக்கு அது தெரியவில்லை.

அந்த வருசம் தையில் பரவையில் உன் பெரியம்மா மகள் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று சபை நிறைய ஆள் இருக்கும்போது, "மாலை தொடங்கி மணமேடை வரைக்கும் பூவெல்லாம் என் தோட்டத்துப் பூ" என்று நான் சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. என் அக்காள் வீட்டுக்காரர்கள் புது ஃபிரிட்ஜைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காட்ட ஒன்றும் இல்லை, அதனால் சொன்னேன். மார்கழி பிறந்தது. நம் தோட்டத்தில் வருசா வருசம் கவாத்து வெட்டுகிற ராக்கு கத்தரியைச் சாணை பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இந்த வருசம் வெட்ட வேண்டாம், தண்ணீரையும் நிறுத்தாதே என்றேன்.

"ஆத்தா, பனிக்கு மொட்டு ஊறாது. சிவந்து கொட்டிப் போகும். கல்யாணத்துக்கும் பூ இருக்காது, பங்குனிக்கும் இருக்காது" என்றாள்.

"நீ எனக்குச் சொல்லித் தாரியா?"

"சொல்லித் தரல. வெட்டாம விட்டா என்ன ஆகும்னு சொல்றேன். அதுக்கு மேல ஒங்க இஷ்டம்."

களை எடுக்கிற பத்துப் பெண்களுக்கு நடுவில் இது நடந்தது. 'உன் வாயை வெட்டினால் போதும், செடியை வெட்ட வேண்டாம்' என்று நான் கத்தினேன். பெண்கள் சிரித்தார்கள். நீயும் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே சிரித்தாய். ராக்கு கத்தரியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு களை எடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு என் தோட்டம் கொடுத்தது ஒரு கூடை. அதிலும் பாதி மொட்டு பட்டாணி அளவுகூட இல்லை. சந்தையில் வாங்கிய பூவைக் கீழே நிரப்பி, மேலே என் பூவைப் பரப்பி எடுத்துக்கொண்டு போனேன். என் அக்காளுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? சந்தைக்காரன் வாழை நார் கட்டுகிற விதமே வேறு. "நல்ல பூ" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

பங்குனி வந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்க, நம் செடிகள் ஆள் உயரத்துக்குக் கிழட்டுக் குச்சியும், அடியில் பழுத்த இலையும், நுனியில் புழு கட்டிய கூடுமாக நின்றன. காலையில் வேப்பமரத்தடியில் பூ எடை போடுகிற இடத்துக்கு எல்லாரும் கூடை கூடையாகக் கொண்டுவருகிறார்கள். நான் ஒரு சொளகில் கொண்டுபோகிறேன். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அங்கே, தராசுக்கு முன்னால் நின்று, "ராக்கு போன மார்கழியில ரொம்ப இறக்கி வெட்டி, கொத்துறேன்னு வேரையும் காயப்படுத்திட்டா. அவ கை பட்டதுல இருந்தே தோட்டம் தேறல" என்று சொன்னேன். ஒரு மூச்சில் வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

அன்றைக்கே உன்னை அனுப்பினேன். இனிமேல் வேலைக்கு வர வேண்டாம் என்று ராக்குவிடம் சொல்லிவிட்டு வா என்றேன். நீ பசுமலைக்குக் காலேஜ் போய்க்கொண்டிருந்த காலம், பத்தொன்பது வயது. தினமும் அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போவாய். உன் தலை உயரத்துக்கு நின்ற செடியை ஒருத்தி முழங்காலுக்குக் கீழே வெட்டிக் கெடுத்தாள் என்று உன் அம்மா சொல்கிறாள்; நீயும் 'சரிம்மா' என்று பெடலை மிதித்துவிட்டாய். விஞ்ஞானம் படித்த பையன். அளந்து பார்க்க ஸ்கேல்கூட வேண்டியிருக்கவில்லை.

அந்த வருசத்துக்குப் பிறகு நம் பக்கத்தில் யாரும் ராக்குவைக் கவாத்துக்குக் கூப்பிடவில்லை. அவள் செங்கல் சூளைக்குப் போய்க் கல் சுமந்தாள். இது எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது இரண்டு மூன்று தடவை அவள் தலையில் கல்லோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். எனக்கு அதற்குப் பிறகு வந்த கவாத்து ஆட்கள் எல்லாம் காது குத்தத் தெரியாத ஆசாரிகள். ஆனாலும் அவர்களை வைத்து ஓட்டினேன், அவளைக் கூப்பிடவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் மத்தியானம் புறப்பட்டு அவள் வீட்டுக்குப் போனேன். நாகமலை அடிவாரத்தில் ஓட்டு வீடு. வீட்டுக்குப் பின்னால் இருபது மல்லிகைச் செடி வைத்திருக்கிறாள். அதில் பாதியை வெட்டி முடித்து, மீதியை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டு ஒவ்வொன்றும் கணுவுக்கு மேல் ஒரே சாய்வாக இருந்தது. என்னைப் பார்த்தாள். கத்தரியை நிறுத்தவில்லை.

"கவாத்துக்கு ஆள் தேடி வந்தீகளா?"

"இல்ல ராக்கு. ஒண்ணு சொல்ல வந்தேன். அந்த வருசம் தோட்டம் போனது உன்னால இல்ல. நான்தான் வெட்ட விடல. பழியை உன் மேல போட்டுட்டேன்."

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீக? வெட்டுன செடி எது, வெட்டாத செடி எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தப்புத்தான். மன்னிச்சிரு."

அப்போதுதான் கத்தரியைக் கீழே வைத்தாள். "இங்கன, என் வீட்டுக் கொல்லையில வந்து சொன்னா யாருக்கு ஆத்தா கேக்கும்? வேப்பமரத்தடியில, தராசுக்கு முன்னாடி நின்னுதானே சொன்னீக? அங்கன போயிச் சொல்லுங்க." வெட்டிய குச்சிகளை ஒதுக்கிவிட்டு, "ஒங்க மகன் வந்தான்ல அன்னைக்கு. வேகாத வெயில்ல வந்துருக்கானேன்னு மோரு குடுத்தேன். முழுசாக் குடிச்சிட்டு, சொம்பை எங்கையில குடுத்துட்டு, 'இனிமே வேலைக்கு வர வேணாம், செடியைக் கெடுத்தது போதும்'னான். ஊருல அம்புட்டுப் பேரு பேசுனதும் மறந்துபோச்சு. அது மட்டும் மறக்கல" என்றாள்.

அவளை வர வேண்டாம் என்று சொல்லத்தான் நான் உன்னை அனுப்பினேன். செடியைக் கெடுத்தது போதும் என்பது நீயாகச் சேர்த்துக்கொண்டது. என் பிள்ளைதான்.

அடுத்த நாள் காலை வேப்பமரத்தடிக்குப் போனேன். மார்கழி பிறந்துவிட்டதால் பூ கொஞ்சம்தான், ஆட்கள் மட்டும் குறையவில்லை. எடைக்காரர் தராசைத் தூக்குவதற்கு முன்னால், எட்டு வருசத்துக்கு முன்னால் இதே இடத்தில் ராக்குவைப் பற்றிச் சொன்னது அத்தனையும் பொய் என்று சொன்னேன். வானம் இடிந்து விழும் என்று நினைத்தேன் போல. ஒன்றும் ஆகவில்லை. எடைக்காரர் படிக்கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்து மதினி மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

"அது எங்களுக்கு அப்பவே தெரியுமே மதினி. ஒங்க செடி வரப்புக்கு மேல ஆளு உசரம் நின்னுச்சு. அது வெட்டுன செடியா?"

"தெரிஞ்சும் ஏன் அவளை வேலைக்குக் கூப்பிடல?"

"நீங்க கோவிச்சுக்குவீகள்ல. கோடையில ஒங்க கெணத்துத் தண்ணி எங்களுக்கு வேணுமே."

கேட்டுக்கொள். ஒரு ஊரே உண்மை தெரிந்து வைத்துக்கொண்டு எட்டு வருசம் வாயில் வெற்றிலை போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. இவர்களுக்கு முன்னால் என் மானம் போய்விடும் என்றுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். இவர்கள் மதிப்புக்காகத்தான் ஒருத்தியைச் சூளைக்கு அனுப்பினேன். இவர்களைக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ஆனால் என்னை முடித்துவிட்டுத்தான் இவர்களிடம் வர வேண்டும், என்னையே இன்னும் முடிக்கவில்லை. மதினியிடம் மட்டும், கிணற்றுத் தண்ணீர் எப்போதும்போல் வரும், யாரைக் கவாத்துக்கு வைத்தாலும் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் ராக்கு நம் தோட்டத்து வரப்பில் வந்து நின்றாள். உள்ளே இறங்கவில்லை. அங்கிருந்தே செடிகளைப் பார்த்தாள். போன வருசத்து ஆள் வெட்டிய வெட்டைப் பார்த்து, "இது கவாத்தா, கிராப்பா?" என்றாள். வெட்டித் தருகிறாயா என்று நான் கேட்டேன். "ஒங்க மதினி வீட்டுல கூப்பிட்டாக. அதுக்கு மேக்கே மூணு தோட்டத்துல கூப்பிட்டாக. அம்புட்டையும் முடிச்சிட்டு, கடைசியா ஒங்களுதுக்கு வாரேன்" என்றாள்.

"பொங்கல் தாண்டிருமே ராக்கு?"

"தாண்டட்டும்."

ஆகவே, அடுத்த ஆண்டுக்கான தோட்டத் திட்டம் இதுதான், பச்சைப் பென்சிலை எடுத்து எழுதிக்கொள். தண்ணீரை நிறுத்தியாகிவிட்டது. தை பாதிக்கு மேல்தான் நம் தோட்டத்தில் கத்தரி விழும். ஊரெல்லாம் பங்குனியில் பூ எடுக்கும்போது நம்முடையது துளிர் விட்டுக்கொண்டிருக்கும். சித்திரையில்தான் மொட்டுப் பார்ப்போம். நல்ல விலை நாட்கள் போய்விடும், போகட்டும். தொழுவுரம் இரண்டு வண்டி சொல்லி வைத்திருக்கிறேன். வேலியோரம் காலியாகக் கிடக்கிற இடத்தில் உன் ரோஜாவும் வராது, குரோட்டன்சும் வராது. அகத்தி விதைக்கப் போகிறேன், மாடாவது தின்னும். நடுவில் எட்டு வரிசைச் செடி கிழடாகிவிட்டது, அதைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பதியன் போட வேண்டும். எந்தத் தோட்டத்துப் பதியன் என்பதை ராக்கு சொல்லட்டும். புல்தரை வேண்டுமென்றால் பெங்களூரில் போட்டுக்கொள்.

பொங்கலுக்கு நீ மருமகளைக் கூட்டிக்கொண்டு வருவதாக எழுதியிருக்கிறாய். வா. அவள் இங்கே என்னோடு இருக்கட்டும், வீட்டில் வேலை ஒன்றும் சொல்லமாட்டேன். நீ மட்டும் வந்த அன்றைக்கே ராக்குவைத் தேடிப் போ. சைக்கிள் வேண்டாம், நடந்து போ. அவள் எந்தத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறாளோ அங்கே போய், களை எடுக்கிற பெண்கள் எல்லாரும் இருக்கும்போது, நீ சேர்த்துச் சொன்ன அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள். 'அம்மா சொல்லி அனுப்பினாள்' என்று ஆரம்பிக்காதே. அப்படிச் சொல்லித்தான் போன தடவை போனாய். அவள் உன்னைத் திட்டுவாள். அவளுக்கு வாய் நீளம், அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். முகம் சிவக்கும், காது சுடும், கையை எங்கே வைப்பது என்று தெரியாது. பாதியில் திரும்பி வந்துவிடாதே. அவள் முடிக்கும் வரை நின்று கேள். நான் நின்றேன். சாகவில்லை.

உன் அம்மா